ஐம்பது இருக்கைக் கோடு: அமெரிக்க விமானிகளின் ஒப்பந்தங்களும் சிறு ஜெட்டின் வரலாறும்

1997ஆம் ஆண்டு பிப்ரவரி 15, நள்ளிரவு கடந்ததும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே முடிந்தும் போயிற்று. குடியரசுத் தலைவர் பில் கிளின்டன், இரயில்வே தொழிலாளர் சட்டம் தமக்களித்த அதிகாரத்தைக் கொண்டு அவசரக் குழுவொன்றை அமைத்து, விமானிகளைப் பணிக்குத் திரும்பச் செய்தார். ஊதிய உயர்வு அந்தப் பூசலின் ஒரு பகுதி மட்டுமே. மையக் கேள்வி வேறு. நிறுவனம் புதிதாக வாங்கவிருந்த சிறு ஜெட் விமானங்களை ஓட்டப்போவது யார்? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளா, அல்லது அதே குழுமத்துக்குச் சொந்தமான, மிகக் குறைந்த ஊதியம் பெறும் அமெரிக்கன் ஈகிள் விமானிகளா?

நூற்றைம்பது பேர் அமரும் விமானத்தையும் அதனினும் பெரியதையும் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், ஐம்பது பேர் அமரும் சிறு விமானத்துக்காக ஏன் வேலைநிறுத்தம் வரை செல்ல வேண்டும்? இதற்கு விடை காண, விமானிகளின் ஊதியம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்க விமானிகள் சங்கம் 1931இல் தோன்றியது. அதன் முதல் தலைவர் டேவிட் பென்கி. வேகமான, பெரிய விமானங்கள் வந்தபோது நிறுவனங்கள் பறந்த மைல் கணக்கில் கூலி தருவதைக் கைவிட்டு, மணிக்கணக்குக்கு மாற முயன்றன. மைல் கணக்கு நீடித்தால் வேகமான விமானம் விமானிக்குக் கூடுதல் பணம் தரும். மணிக்கணக்கானால் வேகத்தின் பயன் முழுவதும் நிறுவனத்துக்கே போய்ச் சேரும். பூசல் தேசியத் தொழிலாளர் வாரியத்தின் முன் சென்றது. 1934இல் வாரியம் வழங்கிய ‘முடிவு 83’, அடிப்படை ஊதியம், மணி, வேகம், மைல் ஆகியவற்றைச் சேர்த்த கலப்புக் கணக்கொன்றை வகுத்தது. மாதத்துக்கு 85 மணி நேரம் என்ற உச்சவரம்பையும் விதித்தது. விமானம் எவ்வளவு உற்பத்தி செய்கிறதோ அதில் ஓட்டுபவருக்கும் பங்குண்டு என்னும் கோட்பாடு அன்று நிலைபெற்றது. பெரிய விமானத்துக்குப் பெரிய ஊதியம், சிறிய விமானத்துக்குச் சிறிய ஊதியம் என்பது அதன் இயல்பான விளைவு. அன்று யாருக்கும் இதில் குறை தெரியவில்லை. ஒரே நிறுவனத்தில், ஒரே பணிமூப்புப் பட்டியலில், இளையவர் சிறு விமானத்தில் தொடங்கிப் பெரிய விமானத்துக்கு ஏறிச் செல்வார் என்பதே எதிர்பார்ப்பு.

இந்தப் பணிமூப்புப் பட்டியல்தான் அமெரிக்க விமானியின் வாழ்வை ஆள்கிறது. எந்த விமானம், எந்த ஊர், எந்த மாத அட்டவணை, எப்போது கேப்டன் பதவி என யாவும் அந்த எண்ணைப் பொறுத்தவை. நிறுவனம் மாறினால் எண் கைவிட்டுப் போகும். இருபது ஆண்டு அனுபவமுள்ளவரும் புதிய இடத்தில் கடைசி எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். இந்திய வாசகருக்கு இது சற்று விந்தையாகத் தோன்றலாம். இங்கே விமானியைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் பயிற்சிப் பத்திரமும் முன்னறிவிப்புக் காலமும்தான். 2017இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கேப்டன்களுக்கு ஓராண்டு, துணை விமானிகளுக்கு ஆறு மாதம் என அந்தக் காலத்தை வகுத்தது. அமெரிக்காவில் அத்தகைய கட்டாயம் பெரிதும் தேவைப்படவில்லை. பட்டியலே கட்டிப்போட்டுவிடுகிறது. ஆகவே தாம் இருக்கும் நிறுவனத்திலிருந்து பறப்பு வேறெங்கும் போகாமல் காப்பது அங்குள்ள விமானிக்கு ஊதிய உயர்வைவிட முக்கியமான காரியமாயிற்று.

1978 வரை அந்தக் கவலைக்குப் பெரிய இடமில்லை. வழித்தடங்களையும் கட்டணங்களையும் அரசின் சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியம் நிர்ணயித்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் அந்தக் காலத்தை முடித்துவைத்தது. பிராங்க் லோரென்சோ 1980இல் தம் குழுமத்துக்குள்ளேயே நியூயார்க் ஏர் என்ற தொழிற்சங்கமற்ற தனி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். முதலாளி ஒருவரே, விமானங்களும் வழித்தடங்களும் அவருடையவையே, விமானிகள் மட்டும் வேறு, ஊதியமும் வேறு. இந்த உத்தியைத் தடுக்கவே ‘ஸ்கோப் விதி’ என்று பின்னர் புகழும் பழியும் பெற்ற ஒப்பந்தப் பிரிவு கூர்மை பெற்றது. நிறுவனத்தின் பெயரில் நடக்கும் பறப்பு அனைத்தும் இந்தப் பணிமூப்புப் பட்டியலில் உள்ள விமானிகளாலேயே நடத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். லோரென்சோ அடுத்துச் செய்ததையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். 1983 செப்டம்பரில் கான்டினென்டல் நிறுவனத்தைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்று, தொழிற்சங்க ஒப்பந்தங்களை உதறிவிட்டு, பாதி அளவு ஊதியத்தில் மீண்டும் பறக்கவிட்டார். விமானிகளின் அச்சம் கற்பனையில் பிறந்ததன்று.

அதே 1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் ராபர்ட் கிராண்டால் வேறொரு வழியைக் கண்டார். ஏற்கெனவே பணியிலிருப்பவரின் ஊதியத்தைத் தொடாமல், இனிச் சேருபவருக்கு மட்டும் தாழ்ந்த அளவுகோல் ஒன்றை வகுத்தார். ‘பி-ஸ்கேல்’ எனப்பட்டது அது. வாக்களிப்பவர் எவருக்கும் இழப்பில்லை. இழக்கப்போகிறவர் இன்னும் பணியில் சேரவே இல்லை. இதைவிட எளிதில் நிறைவேறக்கூடிய ஒப்பந்தம் இருக்க முடியாது. யுனைடெட் நிறுவனம் இதைப் பின்பற்ற முயன்றபோது 1985இல் அதன் விமானிகள் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். எனினும் பி-ஸ்கேலைச் சாய்த்தது வேலைநிறுத்தத்தைவிட எண்ணிக்கையே எனலாம். நிறுவனங்கள் வேகமாக வளர்ந்தன. தாழ்ந்த ஊதியக்காரர்கள் பெருகினர். அவர்களும் சங்க உறுப்பினர்கள், வாக்குடையவர்கள். 1990களில் இந்த இரட்டை அளவுகோல் பெரும்பாலும் கரைந்து மறைந்தது.

மறைந்தது நிறுவனத்துக்குள் மட்டுமே. அது நிறுவனத்துக்கு வெளியே குடிபெயர்ந்த கதையே சிறு ஜெட்டின் கதை.

ஸ்கோப் விதியில் தொடக்கம் முதலே ஒரு விலக்கு இருந்தது. பத்தொன்பது, முப்பது இருக்கைகள் கொண்ட டர்போபிராப் விமானங்கள் சிற்றூர்களிலிருந்து பெருநகர விமான நிலையங்களுக்குப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்த்தன. அவற்றைத் தனிச் சிறு நிறுவனங்கள் ஓட்டின. பயணச்சீட்டில் மட்டும் பெருநிறுவனத்தின் பெயர் இருக்கும். பெருநிறுவன விமானிகள் அந்த இரைச்சல் மிகுந்த சிறு விமானங்களை விரும்பவில்லை. அவற்றால் தமக்கு ஆபத்தென்றும் கருதவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழுள்ளவற்றை விட்டுக்கொடுத்தனர். கோடு இருக்கைகளின் எண்ணிக்கையில் அமைந்தது. சில ஒப்பந்தங்களில் எடையிலும் இயந்திர வகையிலும் அமைந்தது.

பொம்பார்டியரின் ஐம்பது இருக்கை ஜெட் 1992இல் ஜெர்மனியின் லுஃப்தான்சா சிட்டிலைனிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கோமேர் நிறுவனத்திலும் பறக்கத் தொடங்கியது. 1997இல் பிரேசிலின் எம்பிரேர் தன் ஐம்பது இருக்கை ஜெட்டைக் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் வழியாகக் களமிறக்கியது. இவை டர்போபிராப்பைப் போல இருநூறு மைல் போய்த் திரும்புபவை அல்ல. ஆயிரம் மைலுக்கு மேல் செல்லக்கூடியவை. பெருநிறுவனத்தின் விமானங்கள் பறந்த அதே வழித்தடங்களில் பறக்கக்கூடியவை. டர்போபிராப் காலத்தில் கிழித்த கோட்டுக்குள் ஜெட் நுழைந்துவிட்டது.

சிறு ஜெட்டின் பொருளாதாரத்தை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். ஐம்பது இருக்கை விமானத்துக்கும் இரண்டு விமானிகள், நூற்றைம்பது இருக்கைக்கும் இரண்டு விமானிகள். எடுத்துக்காட்டாக, இருவருக்கும் சேர்த்து மணிக்கு 300 டாலர் எனக் கொண்டால், பெரிய விமானத்தில் இருக்கைக்கு 2 டாலர் விழும். சிறியதில் 6 டாலர். பெருநிறுவன ஊதியத்தில் ஐம்பது இருக்கை ஜெட் இலாபம் தராது என்று நிர்வாகங்கள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எரிபொருளிலும் பராமரிப்பிலும் இருக்கைக்கு அதிகம் செலவாகும் விமானம் அது. அந்தக் குறையை ஈடுசெய்தது விமானிகளின் தாழ்ந்த ஊதியம். மலிவான உழைப்பு இல்லாவிட்டால் அமெரிக்க வானத்தில் நூற்றுக்கணக்கான ஐம்பது இருக்கை ஜெட்கள் பறந்திருக்குமா என்பது ஐயமே.

ஒப்பந்த எண்கள் விமானத்தின் வடிவத்தையே தீர்மானிக்கத் தொடங்கின. அமெரிக்கன் ஈகிளுக்காக எம்பிரேர் 44 இருக்கை கொண்ட ஜெட் ஒன்றை உருவாக்கியது. நார்த்வெஸ்டுக்காகப் பொம்பார்டியர் தன் ஐம்பது இருக்கை விமானத்தையே 44 இருக்கையுடன் வேறு பெயரில் விற்றது. இருக்கைகள் குறைந்ததற்குக் காற்றியக்கவியல் காரணமில்லை. ஒப்பந்தத்தின் ஒரு பத்தியே காரணம். தொழில்நுட்பம் உழைப்பு உறவுகளை மாற்றுகிறது என்பது பாடநூல்கள் வழக்கமாகச் சொல்வது. இங்கே உழைப்பு ஒப்பந்தம் தொழில்நுட்பத்தை வளைத்தது.

1997 பூசலுக்குத் திரும்புவோம். அவ்வாண்டின் இளவேனிலில் உடன்பாடு ஏற்பட்டது. வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் சிறு ஜெட்களை ஈகிள் விமானிகளே ஓட்டலாம் என அமெரிக்கன் விமானிகள் ஒப்புக்கொண்டனர். மாற்றாக ஊதிய உயர்வும் பங்குரிமையும் பெற்றனர். ஈகிள் விமானிகளுக்கு ஓர் ஏணியும் வைக்கப்பட்டது: முறைவரிசைப்படி அவர்கள் அமெரிக்கனுக்கு ஏறிச் செல்லலாம். அந்த ஏணியில் இறங்கும் வழியும் இருந்தது என்பது அப்போது பலர் கவனத்தில் படவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஆட்குறைப்பு வந்தபோது, வேலையிழந்த அமெரிக்கன் விமானிகள் ஈகிளில் கேப்டன்களாக வந்து அமர்ந்தனர். ஏறுவதற்குக் காத்திருந்த ஈகிள் விமானிகள் துணை விமானி இருக்கைக்குத் தள்ளப்பட்டனர்.

கோமேர் விமானிகளின் அனுபவம் இன்னும் கசப்பானது. சின்சினாட்டியை மையமாகக் கொண்ட அந்நிறுவனத்தை டெல்டா 1999இல் விலைபேசி, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தனதாக்கியது. 2001 மார்ச் 26 அன்று கோமேர் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது 89 நாள் நீடித்தது. ஜெட் ஓட்டுபவருக்கு ஜெட்டுக்குரிய ஊதியம் வேண்டும் என்பது கோரிக்கை. வட்டார நிறுவன விமானிகளில் அதுவரை யாரும் பெறாத ஒப்பந்தத்தை வென்றனர். அவர்களில் சிலர் தம் சங்கத்தின்மீதே வழக்கும் தொடுத்தனர். டெல்டா விமானிகளையும் கோமேர் விமானிகளையும் பிரதிநிதித்துவப்படுத்துவது ஒரே சங்கம். டெல்டா மேசையில் அமர்ந்து கோமேர் எத்தனை ஜெட் ஓட்டலாம் என்று அதே சங்கம் வரம்பு கட்டுவது எப்படி நியாயமாகும் என்பது அவர்கள் வாதம். சட்டத்தின் பார்வையில் அது எப்படியாயினும், கேள்வி கூரியது. அடுத்த பத்தாண்டில் டெல்டா வேறு வட்டார நிறுவனங்களிடம் பறப்பைப் பகிர்ந்தளித்தது. கோமேரின் விமானங்கள் குறைந்துகொண்டே வந்தன. 2012 செப்டம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. பழைய ஐம்பது இருக்கை விமானங்களின் செலவும் எரிபொருள் விலையும் அதற்குக் காரணங்கள்தாம். ஆனால் கூடுதல் ஊதியத்தை வென்ற விமானிகள் அதனாலேயே ஏலத்தில் விலையேறிய சரக்காயினர் என்பதும் உண்மை.

ஏலம் என்ற சொல் மிகையன்று. பெருநிறுவனம் வட்டார நிறுவனத்துக்குப் புறப்பாடு ஒன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் தரும். பயணச்சீட்டு விற்பனை, கட்டணம், கால அட்டவணை யாவும் பெருநிறுவனத்தின் கையில். எரிபொருள் செலவையும் பெரும்பாலும் அதுவே ஏற்கும். வட்டார நிறுவனம் தன் சாமர்த்தியத்தைக் காட்ட எஞ்சியிருப்பது ஆட்கூலி ஒன்றே. ஒப்பந்தம் முடியும்போது நான்கைந்து நிறுவனங்கள் போட்டியிடும். ஒருவரின் விமானிகள் விட்டுக்கொடுத்தால் மற்றவரின் விமானிகளும் விட்டுக்கொடுக்க நேரும். நீண்ட காலப் பணியாளர்களைக் கொண்ட நிறுவனம் செலவுமிக்கது. எல்லாரும் புதியவர்களாயிருக்கும் நிறுவனம் மலிவானது. ஆகவே பறப்பு ஓயாமல் பழைய நிறுவனத்திலிருந்து புதிய நிறுவனத்துக்கு நகர்ந்தது. விமானிகள் தம் எண்ணை இழந்து மீண்டும் முதலாண்டு ஊதியத்தில் தொடங்கினர்.

2002 முதல் 2005 வரை யுஎஸ் ஏர்வேஸ், யுனைடெட், டெல்டா, நார்த்வெஸ்ட் என ஒன்றன்பின் ஒன்றாகத் திவால் பாதுகாப்பை நாடின. யுஎஸ் ஏர்வேஸ் இருமுறை நாடியது. அந்த நெருக்கடியில் பெருநிறுவன விமானிகளிடம் விட்டுக்கொடுக்கக் கேட்கப்பட்டவை மூன்று: ஊதியம், ஓய்வூதியம், கோடு. முதலிரண்டும் அவர்களுடைய சொந்தப் பணம். கோட்டை உயர்த்துவது நாளை வரவிருக்கும் ஒருவரின் வேலை. பெரும் ஊதிய வெட்டும், சில நிறுவனங்களில் ஓய்வூதிய இழப்பும் தாங்கிய அவர்களைக் குறைகூறுவது எளிதன்று. ஆயினும் நெருக்கடிக்கு நெருக்கடி கோடு உயர்ந்தது. ஐம்பது எழுபதாயிற்று, எழுபது எழுபத்தாறாயிற்று. யுஎஸ் ஏர்வேஸில் சிறு ஜெட்களை அனுமதிப்பதற்கு ஈடாக, அவற்றில் ஒரு பங்கு இடங்களை ஆட்குறைப்புக்குள்ளான தம் விமானிகளுக்கே ஒதுக்கச் செய்தனர். அது தம் பழைய வேலையைக் குறைந்த கூலிக்குத் திரும்பப் பெறுவதாக அமைந்தது. 1983இல் கிராண்டால் நிறுவனத்துக்குள் வைத்த பி-ஸ்கேல் இப்போது தனி நிறுவனமாக, தனிப் பட்டியலாக வெளியே நின்றது. முன்னதில் கீழ்ப்படியில் இருந்தவருக்கு வாக்கிருந்தது. இதில் இல்லை.

2009 பிப்ரவரி 12 இரவு, நூவார்க்கிலிருந்து பஃபலோ சென்ற விமானம் கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மீது விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தனர். பயணச்சீட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். ஓட்டியது கோல்கன் ஏர். அது டர்போபிராப் விமானமாக இருந்ததிலும் ஸ்கோப் விதியின் நிழல் உண்டு. ஐம்பது இருக்கைக்கு மேற்பட்ட ஜெட்டை வெளியாரிடம் தரக் கான்டினென்டல் விமானிகளின் ஒப்பந்தம் இடந்தரவில்லை. எழுபது இருக்கைகளைத் தாண்டிய டர்போபிராப்புக்கு அந்தத் தடை இல்லை. வேகம் குறைந்து விமானம் மிதப்பாற்றலை இழக்கும் நிலை நெருங்கியபோது கேப்டன் தவறாகச் செயல்பட்டதே காரணம் என விசாரணை முடிவு கூறியது. ஆனால் நாட்டை உலுக்கியவை விசாரணையில் வெளிவந்த பிற செய்திகள். துணை விமானி சியாட்டல் அருகே வாழ்ந்தவர். நூவார்க்கில் பணிக்கு வர, முந்திய இரவு முழுவதும் சரக்கு விமானத்தில் பயணம் செய்தவர். அவருடைய ஆண்டு ஊதியம் முதலில் ஏறத்தாழ 16,000 டாலர் எனச் சொல்லப்பட்டது. பின்னர் நிறுவனம் அதை ஏறத்தாழ 24,000 டாலர் எனத் திருத்தியது. அமெரிக்க உள்நாட்டுப் புறப்பாடுகளில் ஏறத்தாழப் பாதியை வட்டார நிறுவனங்களே நடத்திவந்த காலம் அது.

இறந்தோரின் குடும்பத்தார் ஓயாது போராடியதன் பயனாக 2010இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. 2013 ஆகஸ்ட் முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் கட்டாயமாயிற்று. படைத்துறையிலிருந்து வருபவர்க்கு 750, உரிய நான்காண்டுப் பட்டம் பெற்றவர்க்கு 1,000. முன்பு 250 மணியளவிலான வணிக உரிமத்துடனேயே துணை விமானி இருக்கையில் அமர முடிந்தது. விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளும் ஏற்கெனவே 1,500 மணியைத் தாண்டியவர்கள் என்பதையும் இங்கே குறித்தாக வேண்டும். சட்டம் கூலியையோ ஒப்பந்த முறையையோ தொடவில்லை. நுழைவாயிலை மட்டும் உயர்த்தியது.

அதன் விளைவு ஊதியத்தில் தெரிந்தது. பல்லாயிரம் டாலர் கடன்பட்டுப் பயிற்சி பெற்று, மேலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணி நேரம் பயிற்றுநராகப் பறந்து, அதன் பின் இருபதாயிரம் டாலர் வேலைக்கு வர ஆட்கள் தயங்கினர். 2007 டிசம்பரில் ஓய்வு வயது 60இலிருந்து 65 ஆக உயர்ந்ததால் ஐந்தாண்டு தள்ளிப்போன ஓய்வுகளும் இப்போது சேர்ந்து வரத் தொடங்கின. மேலே காலியிடங்கள், கீழே ஆளின்மை. கிரேட் லேக்ஸ் என்ற சிறு நிறுவனம் தன் 19 இருக்கை விமானங்களில் பத்து இருக்கைகளைக் கழற்றி ஒன்பதாக்கியது. அப்போதுதான் தளர்ந்த விதியின்கீழ், குறைந்த அனுபவமுள்ள துணை விமானியை அமர்த்த முடியும். அதுவும் போதாமல் 2018இல் சேவையை நிறுத்தியது. ரிபப்ளிக் ஏர்வேஸ் 2016 பிப்ரவரியில் விமானிப் பற்றாக்குறையைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லித் திவால் பாதுகாப்பு கோரியது. விமானிகளோ பற்றாக்குறை என்ற சொல்லையே மறுத்தனர். அந்த ஊதியத்துக்கு வர ஆளில்லை என்பதே சரியான வாக்கியம் என்றனர். பின்னர் நடந்தவை பெரிதும் அவர்கள் பக்கமே பேசுகின்றன. பெருந்தொற்றுக் கால முன்கூட்டிய ஓய்வுகளுக்குப் பின், 2022 ஜூனில் அமெரிக்கன் குழுமத்தின் வட்டார நிறுவனங்கள் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் அறிவித்தன. அதில் ஒரு பகுதி தற்காலிகக் கூட்டுத்தொகை. பத்தாண்டுக்கு முன் அந்த இருக்கையின் விலை இருபது டாலருக்குச் சற்று மேல்.

கூலி உயர்ந்ததும் ஐம்பது இருக்கை விமானத்தின் பழைய கணக்கு குலைந்தது. டொலீடோ, இதாகா, ஐஸ்லிப் போன்ற ஊர்களிலிருந்து அமெரிக்கன் தன் சேவையை 2022 செப்டம்பரில் விலக்கிக்கொண்டது. மலிவான விமானியை நம்பி விமானம் கண்ட சிற்றூர்கள், அந்த விமானி மலிவாக இல்லாமற்போனபோது விமானத்தையும் இழந்தன.

டெல்டா விமானிகள் 2012இலேயே வேறொரு பேரம் செய்து பார்த்திருந்தனர். 76 இருக்கை ஜெட்களைச் சற்றுக் கூடுதலாக வட்டார நிறுவனங்களுக்கு விட்டுக்கொடுத்து, ஐம்பது இருக்கை ஜெட்களைப் பெருமளவு குறைக்கச் செய்தனர். அத்துடன் 88 போயிங் 717 விமானங்களைத் தம் பட்டியலுக்கே கொண்டுவரச் செய்தனர். வெளியே போன பறப்பில் ஒரு பகுதி உள்ளே திரும்பியது. கோட்டை விலைக்கு விற்காமல், கோட்டுக்கு மேலே உள்ளே எத்தனை, கீழே வெளியே எத்தனை என்று விகிதம் கட்டிய முறை அது. இந்த வரலாற்றில் இளையவர்க்கும் இடம் வைத்த பேரங்களுள் ஒன்று என்று அதைச் சொல்லலாம்.

கோடு இன்று 76 இருக்கை, 86,000 பவுண்டு புறப்பாட்டு எடை என்ற அளவில் நிற்கிறது. 2019இல் யுனைடெட், எழுபது இருக்கைக்குரிய உடலில் ஐம்பது இருக்கை மட்டும் போட்ட விமானமொன்றை அறிவித்தது. பத்து முதல் வகுப்பு, நாற்பது சாதாரணம், எஞ்சிய இடத்தில் பயணிகளின் பைகளுக்கான அலமாரி. ஜப்பானின் மிட்சுபிஷி உருவாக்கிய சிறு ஜெட் இந்த எடை வரம்புக்குள் அடங்கவில்லை. அடங்கும்படி வேறொன்றை வரையத் தொடங்கி, 2023இல் முழுத் திட்டத்தையும் கைவிட்டது. எம்பிரேரின் புதிய தலைமுறை இ175-இ2 குறைந்த எரிபொருளில் பறக்கக்கூடியது; 2019 டிசம்பரில் முதன்முறை பறந்தது. அதன் புதிய இயந்திரங்கள் கனமானவை. விமானம் 86,000 பவுண்டைத் தாண்டிவிடுகிறது. ஸ்கைவெஸ்ட் 2013இலேயே நூறு விமானங்களுக்கு ஒப்பமிட்டிருந்தது, கோடு உயருமென்ற நம்பிக்கையில். 2023இல் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் விமானிகள் மூவரும் புதிய ஒப்பந்தங்களில் பெரும் ஊதிய உயர்வு பெற்றனர். இம்முறை அவர்கள் கோட்டை விற்கவில்லை. இ2 வாங்குவாரின்றி ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போக, அதற்கு முந்திய தலைமுறை விமானத்தையே எம்பிரேர் அமெரிக்க நிறுவனங்களுக்காக இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.